பல்கார் தேசத்துச் சிவந்த வானமும் ட்ரொம்சோ மினி பஸ்ஸும்



போன மாதம் எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு படம் வந்தது. எங்களிடம் படித்து, இப்போது ஒஸ்லோவில் வேலை பார்க்கும் ஒரு தம்பி அனுப்பியிருந்தார். பனி மூடிய மலை, அதன் மேலே வானம் முழுக்கப் பச்சைத் திரை, கீழே தலையணை உறை போல உப்பிய உடுப்புக்குள் அவர்.

ஐந்து நிமிடத்தில் குழுமம் பற்றிக்கொண்டது. "கியாமத்தின் அடையாளம்" என்றார் ஒருவர். "எடிட்" என்றார் இன்னொருவர். "இதுக்கு எவ்வளவு செலவு?" என்று கேட்டவர் கடை முதலாளி. நான்காமவர் 2024 மே மாதம் சுற்றித் திரிந்த வீடியோவைத் தேடியெடுத்துத் திரும்பவும் போட்டார், "நம்ம நாட்டிலயும் வானம் சிவந்தது" என்ற தலைப்போடு. அந்த மே 10ஆம் திகதி இரவு லடாக்கின் ஹன்லே வானாய்வு நிலையக் கெமராக்களில் சிவப்பு ஒளி பதிவானது உண்மை. நமது ஊரில் நாம் பார்த்ததோ வழமையான மஃரிப் செக்கல்தான்.

இத்தனைக்கும் நடுவில் அந்தத் தம்பி ஒரு குரல் பதிவு அனுப்பினார். "சேர், பொய் சொல்லக் கூடாது. கண்ணுக்கு இவ்வளவு பச்சை தெரியல்ல. முதல்ல சாம்பல் மேகம் மாதிரித்தான் இருந்திச்சு. போன்தான் பச்சையாக் காட்டினது. பிறகு ஒரு பத்து நிமிஷம் மட்டும் கண்ணுக்கே பச்சை தெரிஞ்சது. அந்த நேரம் ஒருத்தரும் கதைக்கல்ல."

அந்தக் குரல் பதிவை யாரும் கணக்கெடுக்கவில்லை. படத்தைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் மறுநாள் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் அதைப் பற்றித்தான் பேசினோம். வரலாறு, விஞ்ஞானம், இஸ்லாம் ஆகிய மூன்று பாடங்களைப் படிப்பிக்கும் நாங்கள் மூவரும் சேர்ந்து இந்தப் பதிவை எழுதுகிறோம். தட்டச்சு செய்தது ஒருவர், பிழைகள் எல்லாம் அவருடையவை. நீளமான பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடதுருவ ஒளியைப் பார்க்க வழிகாட்டியோடு போவது இன்றைய சுற்றுலாக் கம்பனிகள் கண்டுபிடித்த விடயம் என்று நினைக்கிறோம். பக்தாதிலிருந்து ஒருவர் வழிகாட்டிகளோடு வடக்கே போய், அந்த ஒளியாக இருக்கக்கூடிய ஒன்றைப் பார்த்துப் பயந்து, பயந்ததையும் மறைக்காமல் எழுதிவைத்து ஆயிரத்து நூறு வருடங்கள் கடந்துவிட்டன. அவர் பெயர் அஹ்மத் இப்னு பழ்லான்.

இப்னு பதூதாவை நமக்கு நன்றாகத் தெரியும். 1344இல் இங்கு வந்தவர், பாவா ஆதம் மலை ஏறியவர் என்று சின்ன வயதிலேயே படித்துவிடுகிறோம். இப்னு பழ்லானை ஏனோ நமது பாடப்புத்தகங்கள் கண்டுகொள்வதில்லை. அப்பாஸிய கலீபா அல்முக்ததிரின் காலம். வொல்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் அரசர் அல்மிஷ் இஸ்லாத்தை ஏற்று, மார்க்கம் சொல்லித்தர ஆட்களையும், பள்ளிவாசலும் கோட்டையும் கட்ட உதவியையும் கேட்டு பக்தாதுக்குக் கடிதம் அனுப்பினார். பதிலுக்குப் போன தூதுக்குழுவில், கலீபாவின் கடிதத்தை வாசிக்கும் பொறுப்பும் பரிசுகளை ஒப்படைக்கும் பொறுப்பும் இப்னு பழ்லானுக்கு.

ஹிஜ்ரி 309 ஸபர் மாதம், அதாவது 921 ஜூன் 21ஆம் திகதி, பக்தாதிலிருந்து புறப்பட்டார்கள். புகாரா வழியாக க்வாரிஸ்ம் போய், குளிர்காலம் முழுக்க ஜுர்ஜானிய்யாவில் தங்கவேண்டி வந்தது. இன்றைய துர்க்மெனிஸ்தானின் பழைய ஊர்கென்ச் அது. அந்தக் குளிரை அவர் எழுதியிருக்கும் விதம் அலாதியானது. ஹம்மாமில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தாடி ஒரே பனிக்கட்டியாக இருக்குமாம், நெருப்பருகே பிடித்து உருக்க வேண்டுமாம். வீட்டுக்குள் வீடு, அதற்குள் கூடாரம், அதற்குள் போர்வைகளுக்கும் தோல்களுக்கும் நடுவே படுத்தும் கன்னம் தலையணையில் ஒட்டிக்கொள்ளுமாம். புறப்படும்போது ஒன்றுக்கு மேல் ஒன்றாக இத்தனை அங்கிகள், ஆட்டுத்தோல், கம்பளி, கண் மட்டும் தெரியும் தலையங்கி, இரட்டைக் காற்சட்டை, சப்பாத்துக்கு மேல் சப்பாத்து என்று போட்டதில் ஒட்டகத்தில் ஏறிய பின் அசையவே முடியவில்லை என்கிறார். எங்கள் தம்பியின் படத்தைத் திரும்பவும் பார்த்தோம். ஆயிரம் வருடத்தில் உடுப்பின் எடைதான் குறைந்திருக்கிறது, தோற்றம் குறையவில்லை.

இந்த இடத்தில் ஒரு வெட்கமான செய்தியும் உண்டு. பக்தாதிலிருந்து கூட வந்த சட்ட அறிஞரும், சொல்லிக்கொடுக்க அனுப்பப்பட்ட ஆசிரியரும் இதற்கு மேல் போகப் பயந்து ஜுர்ஜானிய்யாவிலேயே நின்றுவிட்டார்கள். ஆசிரியர் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அந்த வரியைத் தாண்டிப்போகக் கொஞ்ச நேரம் எடுத்தது. மார்க்கம் சொல்லித்தர அனுப்பப்பட்டவர்கள் நின்றுவிட, கடிதம் வாசிக்க அனுப்பப்பட்டவர்தான் போய்ச் சேர்ந்தார்.

ஹிஜ்ரி 310 முஹர்ரம், 922 மே 12ஆம் திகதி, அரசரின் இருப்பிடத்தை அடைந்தார்கள். அந்த நாட்டில் கழித்த முதல் இரவின் தொடக்கத்தில் நடந்ததை இப்னு பழ்லான் விவரிக்கிறார். சூரியன் மறைவதற்குச் சற்று முன் அடிவானம் கடுமையாகச் சிவந்தது, மேலே பெரும் இரைச்சல் கேட்டது. தலையை உயர்த்தினால் நெருப்பைப் போன்ற ஒரு மேகம். அதற்குள் மனிதர், குதிரைகள் போன்ற உருவங்கள், கைகளில் ஆயுதங்கள். அதற்கு எதிரே இன்னொரு கூட்டம். படை படையின் மேல் பாய்வது போல ஒன்று மற்றொன்றின் மேல் பாய்ந்தது, கலந்தது, பிரிந்தது. தூதுக்குழுவினர் அஞ்சிப்போய் துஆவில் இறங்கிவிட்டார்கள். உள்ளூர் மக்களோ அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அரசரிடம் போய்க் கேட்டார். இவை முஃமினான ஜின்களும் காபிரான ஜின்களும் ஒவ்வொரு மாலையும் செய்யும் சண்டை, எங்கள் முன்னோர் அப்படித்தான் சொல்லிவந்தார்கள் என்றார் அரசர்.

இது துருவ ஒளிதான் என்று ஆய்வாளர்களில் பலர் கொள்கிறார்கள். மே மாத அந்தி வெளிச்சத்தில் அது தெரியுமா என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. நாங்கள் கவனித்தது வேறொன்றை. தான் கண்டதை "கண்டேன்" என்கிறார். அரசர் சொன்னதை "அரசர் சொன்னார்" என்கிறார். அரசரும் தன் முன்னோரிடம் கேட்டதாகவே சொல்கிறார். இப்னு பழ்லான் அதில் தன் முடிவு எதையும் ஏற்றவில்லை, தாங்கள் பயந்ததையும் ஊரார் சிரித்ததையும் அழிக்கவுமில்லை. கலீபாவின் தூதர் என்ற மரியாதைக்கு அது குறைவுதான், இருந்தும் எழுதிவைத்தார். இஸ்னாத் என்றால் என்ன என்று பத்தாம் தரத்துக்கு விளக்க எங்கள் இஸ்லாம் ஆசிரியர் இனி இந்தப் பக்கத்தைத்தான் எடுக்கப்போகிறாராம்.

அதே பயணத்தில் இரவு பற்றியும் ஒரு சம்பவம். அரசரிடம் தையல்காரராக இருந்த பக்தாத்காரர் ஒருவர் இப்னு பழ்லானின் கூடாரத்துக்கு வந்தார். இஷா பாங்கு சொல்லும் வரை கதைத்துக்கொண்டிருக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள், அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பாங்கு கேட்டது. வெளியே வந்தால் விடிந்துவிட்டது! முஅத்தினிடம் "என்ன பாங்கு சொன்னீர்?" என்றால் "சுபஹ்" என்கிறார். இஷாவை மஃரிபோடு சேர்த்துத் தொழுதுவிடுவோம் என்றும், சுபஹ் தவறிவிடுமோ என்ற பயத்தில் ஒரு மாதமாக இரவில் தூங்கவில்லை என்றும் அவர் சொல்கிறார். வடக்கின் கோடை அது. குளிர்காலத்தில் இதற்கு நேரெதிர், அதற்குப் பின்னால் வருகிறோம்.

இங்கே நமது இப்னு பதூதாவைப் பற்றி ஒரு கசப்பான விடயம் சொல்ல வேண்டும். அவரும் தனது நூலில், இரவு மிகவும் குறுகிப்போவதைக் கேள்விப்பட்டு அதைப் பார்க்க பல்கார் நகருக்குப் போனதாகச் சொல்கிறார். ரமழானில் போய்ச் சேர்ந்தாராம், நோன்பு திறந்து முடிவதற்குள் இஷா பாங்கு, தராவீஹ் முடிந்ததுமே சுபஹ். ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து அத்தனை தூரத்தை அவர் சொல்லும் பத்து நாட்களில் கடந்திருக்கவே முடியாது என்பதை ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். முந்தியவர்களின் நூல்களிலிருந்து எடுத்துச் சேர்த்த பகுதி அது என்பதே பொதுவான கருத்து. அதற்கு அப்பால் உள்ள "இருள் தேசத்துக்கு" நாற்பது நாள் வழி, சிரமம் அதிகம், இலாபம் குறைவு என்பதால் போகவில்லை என்று மட்டும் உண்மையாக எழுதியிருக்கிறார். ஆதம் மலை ஏறியவர் என்ற மரியாதை எங்களுக்கு அவர் மேல் குறையவில்லை. ஆனாலும் போகாத இடத்துக்குப் போனதாக ஒரு படம் போட்டுவிடும் ஆசை 14ஆம் நூற்றாண்டிலும் இருந்திருக்கிறது.

இப்னு பழ்லானின் பிரதி நெடுங்காலம் முழுமையாகக் கிடைக்கவில்லை, யாகூத் தனது புவியியல் அகராதியில் எடுத்தாண்ட துண்டுகள்தான் கையில் இருந்தன. 1923இல் மஷ்ஹத் நகர நூலகத்தில் ஸகி வலீதி தோகான் என்ற பாஷ்கிர் அறிஞர்தான் அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்தார். அதிலும் கடைசிப் பக்கங்கள் இல்லை. இப்னு பழ்லான் எப்படி வீடு திரும்பினார் என்பது நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

இனி ஐரோப்பாவின் வடகோடிக்கு வருவோம். நோர்வே என்ற பெயர் நமக்குச் சமாதானப் பேச்சுவார்த்தைக் காலத்திலிருந்துதான் பழக்கம். ஆனால் "வட ஒளி" என்ற பெயரை எழுத்தில் தந்ததும் அந்த நாட்டார்தான். 1250ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட "அரசரின் கண்ணாடி" என்ற நூலில் தகப்பனும் மகனும் உரையாடுகிறார்கள். கிரீன்லாந்தில் இந்த ஒளி ஏன் தெரிகிறது என்று மகன் கேட்க, தகப்பன் மூன்று காரணங்களைச் சொல்கிறார்: கடல்களைச் சுற்றியுள்ள நெருப்பின் ஒளியாக இருக்கலாம், அடிவானத்துக்குக் கீழே போன சூரியனின் கதிராக இருக்கலாம், அல்லது பனிமலைகளே ஒளியை உமிழலாம். மூன்றும் பிழை. ஆனாலும் மூன்றிலும் ஜின்னோ பேயோ இல்லை என்பதை எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சுட்டிக்காட்டச் சொன்னார். பின்லாந்து மொழியில் இந்த ஒளிக்கு "நரி நெருப்பு" என்று பெயர். வடகோடியின் பூர்வீகக் குடிகளான ஸாமி மக்களோ அதை மரியாதையோடு, கொஞ்சம் அச்சத்தோடு பார்த்தார்கள். அதைப் பார்த்து விசிலடிக்கக் கூடாது, கேலி செய்யக் கூடாது என்று பிள்ளைகளைக் கண்டிப்பார்கள். மஃரிப் நேரத்தில் முற்றத்தில் விசிலடித்தால் நமது உம்மம்மாமார் போட்ட சத்தம் நினைவுக்கு வருகிறது.

இந்தக் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பெயர் ஸோஃபுஸ் ட்ரொம்ஹோல்ட். டென்மார்க்காரர், நோர்வேயின் பேர்கன் நகரில் படிப்பித்தவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லை. 1878 முதல் ஊர் ஊராகச் சாதாரண மக்களைத் தன்னோடு சேர்த்து, வட ஒளியை எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் கண்டீர்கள் என்று எழுதி அனுப்பச் சொன்னார். கடிதங்கள் குவிந்தன. 1882இல் முதலாவது சர்வதேசத் துருவ ஆண்டு அறிவிக்கப்பட்டு, பல நாடுகள் துருவப் பகுதிகளில் ஆய்வு நிலையங்கள் அமைத்தன. ட்ரொம்ஹோல்ட் நோர்வேயின் உட்புறத்தில் ஸாமி மக்கள் வாழும் கௌத்தொகெய்னோவுக்குப் போய் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கினார். பொசெகொப்பில் இருந்த நோர்வே நிலையமும் அவரும் ஒரே ஒளியை இரண்டு இடங்களிலிருந்து அளந்தால் அதன் உயரத்தைக் கணிக்கலாம் என்பது திட்டம்.

கெமராவும் கொண்டுபோயிருந்தார். வட ஒளியைப் படமெடுக்கும் முதல் மனிதன் தானாக இருக்க வேண்டும் என்ற ஆசை இல்லாமலா? ஆனால் அன்றைய கண்ணாடித் தட்டுகளுக்கு அந்த ஒளி போதவில்லை, ஒன்றிலும் எதுவும் பதியவில்லை. அவர் செய்ததைக் கேளுங்கள். படம் வரவில்லை என்பதை எழுதினார். பார்த்ததைக் கையால் வரைந்தார். கெமராவைக் கீழே திருப்பி அந்த ஊர் ஸாமி மக்களை எடுத்தார். அந்தக் காலத்தில் இப்படியான படங்களின் கீழே "ஒரு லாப்லாந்துப் பெண்" என்று மட்டும் போடுவார்கள். ட்ரொம்ஹோல்ட் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதினார். அந்தப் படங்கள் இன்று பேர்கன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. 2013இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தேடிப்போனது கிடைக்காமல் அவர் எடுத்த படங்கள் அவை.

வட ஒளியின் முதல் புகைப்படம் 1892 ஜனவரி 5ஆம் திகதி ஜெர்மானியரான மார்ட்டின் பிரெண்டெல் பொசெகொப்பில் எடுத்தது. கறுப்பு வெள்ளை, மங்கல். நிறம் வேண்டுமென்றால் கை ஓவியம்தான். அதனால் 1899இல் ஐஸ்லாந்துக்குப் போன டென்மார்க் ஆய்வுக்குழு ஹரால்ட் மொல்ட்கே என்ற ஓவியரையே கூட்டிக்கொண்டு போனது.

அதே 1899இல்தான் கிறிஸ்டியன் பிர்க்லான்ட் என்ற நோர்வே விஞ்ஞானி, அல்தா நகரத்துக்கு அருகே சுமார் 900 மீற்றர் உயர ஹால்டே மலையுச்சியில் ஆய்வு நிலையம் கட்டினார். காற்று ஆளைத் தூக்கி எறியும் இடம். உதவியாளர் ஒருவர் பனிச்சரிவில் இறந்தார். பிர்க்லான்ட் தன் ஆய்வுகூடத்தில் ஒரு காந்தக் கோளத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, இலத்திரன் கதிரைப் பாய்ச்சினார். கோளத்தின் இரண்டு துருவங்களையும் சுற்றி ஒளி வளையங்கள் தோன்றின. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களை நோக்கி இழுக்கிறது என்றார். பிரித்தானியப் பெரிய விஞ்ஞானிகள் பலர் ஏற்கவில்லை. 1917இல் அவர் தோக்கியோவில் இறந்தார். வான்வெளியில் பாயும் அந்த மின்னோட்டங்களைச் செய்மதிகள் அளந்து உறுதிப்படுத்தியது 1960களிலும் அதற்குப் பின்னும்தான். இன்று அந்த மின்னோட்டங்களுக்கே அவர் பெயர். நோர்வேயின் 200 குரோனர் நோட்டிலும் அவர் முகம் நெடுங்காலம் இருந்தது.

உயரக் கணக்கை முடித்தவர் கார்ல் ஸ்தொர்மர். 1910 முதல் டெலிபோனால் இணைத்த இரண்டு இடங்களிலிருந்து ஒரே நொடியில் படமெடுத்து, ஒளியின் கீழ்விளிம்பு பெரும்பாலும் 100 கிலோமீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது என்று நிறுவினார். ட்ரொம்ஹோல்ட் முயன்ற அதே முறைதான், நடுவில் டெலிபோன் வந்துவிட்டது.

விஞ்ஞானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஒன்பதாம் தரம் இதையும் வாசிக்கும். மேலிருந்து வரும் இலத்திரன்கள் வளிமண்டலத்து ஒட்சிசனில் மோதும்போது பச்சை, இன்னும் உயரத்தில், 200 கிலோமீற்றருக்கு மேலே, அதே ஒட்சிசன் சிவப்பு, நைதரசனில் நீலமும் ஊதாவும். சூரியன் குழம்பும் காலங்களில் வளையம் தெற்கே விரியும். 1859இல் அப்படி விரிந்தபோது தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. 1872 பெப்ரவரி 4ஆம் திகதி பம்பாயிலேயே தெரிந்தது. அப்போது வட்ஸ்அப் இல்லை. அடுத்தது கண். மங்கிய வெளிச்சத்தில் நமது கண் நிறத்தைப் பிரித்தறியாது, உருவத்தையும் அசைவையும் மட்டுமே காணும். கெமராவோ சில விநாடிகள் வாயைத் திறந்து வைத்து ஒளியைச் சேர்த்துக் குடிக்கிறது. எங்கள் தம்பி சாம்பல் மேகம் என்று சொன்னதும் சரி, படத்தில் பச்சை வந்ததும் சரி. எடிட் என்று சொன்ன சகோதரர் தயவுசெய்து கவனிக்கவும்.

இப்போது சுற்றுலாவுக்கு வருவோம். ஆரம்பத்தில் பயணிகள் வடக்கே போனது இந்த ஒளியைப் பார்க்க அல்ல. கோடையின் நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கத்தான் போனார்கள். தோமஸ் குக் கம்பனி 1875இல் நோர்வேயின் வடமுனைக்கு ஒழுங்குசெய்த பயணம் நடத்தியது. 1907இல் சியாம் அரசர் சூலாலங்கோர்ன் அங்கே போய்ப் பாறையில் தன் பெயரைச் செதுக்கவைத்தார். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் மீனவர்களும் வியாபாரிகளும்தான். 1893இல் ரிச்சர்ட் வித் என்ற கப்டன் தொடக்கிய தபால் கப்பல் சேவைதான் குளிர்கால இருட்டிலும் கரையோர ஊர்களை இணைத்தது. அதன் தளத்தில் நின்றவர்கள் வட ஒளியைத் தினமும் பார்த்திருப்பார்கள், அதற்கென்று யாரும் டிக்கட் வாங்கவில்லை.

இருட்டும் குளிரும் விற்பனைக்கு வந்தது கடந்த நாற்பது வருடங்களுக்குள்தான். 1980களின் கடைசியில் கனடாவின் யெலோனைஃபுக்கு ஜப்பானியர்கள் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். வட ஒளியின் கீழே கருத்தரித்தால் குழந்தைக்கு அதிர்ஷ்டம் என்று ஜப்பானியர்கள் நம்புவதாக ஒரு கதை அப்போதே பரவியது, இன்றும் பரவுகிறது. ஜப்பானியர்களைக் கேட்டால் நாங்கள் அப்படிக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். இவ்வளவு தூரம் வருகிறார்களே, ஒரு விசித்திரமான காரணம் இருக்கத்தான் வேண்டும் என்று யாரோ கட்டிவிட்ட கதை. அவர்கள் வந்தது பார்க்கத்தான். 2008இல் பிபிசியில் நடிகை ஜோஆனா லம்லி வட ஒளி தேடிப்போன நிகழ்ச்சி ஒளிபரப்பானதோடு பிரித்தானியர்களும் ட்ரொம்சோவுக்குக் கிளம்பினார்கள்.

ட்ரொம்சோ வட ஒளி வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. நவம்பர் 27 அளவில் மறையும் சூரியன் ஜனவரி 15 அளவில்தான் திரும்ப அடிவானத்துக்கு மேலே வரும். கடலின் வெப்ப நீரோட்டத்தால் அந்த உயர அட்சரேகைக்குக் குளிர் குறைவு, ஆனால் மேகம் அதிகம். அதனால் அங்கே வழிகாட்டியின் வேலை என்பது மேகம் இல்லாத இடத்தைத் தேடுவதுதான்.

எங்கள் தம்பி சொன்ன விதத்திலேயே சொல்கிறோம். மாலை ஆறு மணிக்கு மினி பஸ். பதினைந்து பேர். வழிகாட்டி முதலில் சொன்ன வசனம்: "இன்றைக்கு வானம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. மேகம் எங்கே இல்லை என்று தேடிக்கொண்டு போவேன், அவ்வளவுதான்." கடலோரம் முழுக்க மூடியிருந்தது. இரண்டு மணி நேரம் ஓடி, மலைகள் மழையை மறித்துவிடும் ஷிபொத்ன் பள்ளத்தாக்கில் நிறுத்தினார்கள். பின்லாந்து எல்லை பக்கம். முழுநீளக் குளிர் உடுப்பும் சப்பாத்தும் கொடுத்தார்கள். விறகு மூட்டி, சூடான கொக்கோவும் சூப்பும். சூப் மீன் என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் குடித்தாராம். பிறகு காத்திருப்பு. ஒருவர் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம், பஸ் வரத் தாமதமான மாதிரி. கடை முதலாளியின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறோம்: ஆளுக்கு ஆயிரம் குரோனருக்கு மேல், நமது காசுக்கு 30,000 ரூபாயைத் தொடும். வராவிட்டால் காசு திரும்பக் கிடைக்காது.

இந்தத் தொழிலால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. பனி உறைந்த வீதியில் சும்மா நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பவர்களைப் பற்றியும், வாடகை வீடுகள் எல்லாம் பயணிகளுக்குப் போய்விடுவதைப் பற்றியும் ட்ரொம்சோ மக்கள் முறைப்பாடு செய்கிறார்கள். தங்கள் நம்பிக்கைகளைத் திரித்து, உடுப்பைப் போட்டுக் காட்டி வியாபாரம் செய்வது ஸாமி மக்களுக்குக் கோபம். பின்லாந்தின் ஸாமி நாடாளுமன்றம் 2018இல் சுற்றுலாவுக்கு ஒழுக்க விதிகளையே வெளியிட்டது. எங்களுக்கு இது நியாயமான கோபமாகப் படுகிறது. நமது கந்தூரியைப் பற்றி யாரோ ஒரு வெளியூர் வழிகாட்டி வாய்க்கு வந்ததைச் சொல்லி டிக்கட் விற்றால் நாம் சும்மா இருப்போமா?

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்பீர்கள். சூரியனே எழாத ஊரில் எப்படி? தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம் போல நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அந்த நாளுக்கு ஒரு நாளின் தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துக்கொள்ளுங்கள் என்பதே பதில், ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அறிஞர்கள் துருவப் பகுதிக்கு அதைத்தான் ஆதாரமாகக் கொள்கிறார்கள். ட்ரொம்சோவில் வாழும் முஸ்லிம்கள் இப்படியான காலங்களில் மக்காவின் நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். பல்கார் முஅத்தின் ஒரு மாதம் தூங்காமல் காத்த நேரத்துக்கு இன்று அட்டவணை இருக்கிறது. எங்கள் தம்பி மஃரிபையும் இஷாவையும் பனியில் விரிப்புப் போட்டுச் சேர்த்துத் தொழுதிருக்கிறார். ஸுஜூதில் நெற்றி சுட்டதாம், குளிரால்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது பின்வரிசைப் பிள்ளை ஒன்று கேட்டது: "டீச்சர், இப்னு பழ்லானுக்குச் சத்தம் கேட்டதாமே, இவருக்குக் கேட்டதா?" நல்ல கேள்வி. வட ஒளிக்குச் சத்தம் இல்லை என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்து உன்டோ லைனே என்பவர் அப்படியான இரவுகளில் மைக்கை வைத்துப் படபடவென்ற மெல்லிய வெடிப்பொலிகளைப் பதிவுசெய்து, அவை தரையிலிருந்து 70 மீற்றர் அளவு உயரத்தில் உருவாவதாக 2012இல் அறிவித்தார். இப்னு பழ்லான் கேட்டது அதுவா என்று யாரும் சொல்ல முடியாது, அவர் எழுதியது பெரும் இரைச்சல். தம்பியிடம் வட்ஸ்அப்பில் கேட்டோம். பதில் உடனே வந்தது: "இல்ல சேர். விறகு வெடிச்ச சத்தம் மட்டும்தான்."

கூடவே இன்னொரு படமும் அனுப்பினார், நாங்கள் கேட்காமலே. போனில் எந்த அமைப்பையும் மாற்றாமல், கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு எடுத்ததாம். முக்கால்வாசி கறுப்பு. நடுவில் சின்ன நெருப்பு, வழிகாட்டியின் தலை விளக்கு, மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. ஒன்பதாம் தரப் பிள்ளைகள் இரண்டு படங்களையும் அச்செடுத்து வகுப்புச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே திகதி, இடம், வெப்பநிலை. பச்சைப் படத்தின் கீழே "கெமரா கண்டது", கறுப்புப் படத்தின் கீழே "நானா கண்டது" என்று ஒரு பிள்ளை எழுதிவைத்திருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, அதனால் நாங்கள் கை வைக்கவில்லை.